மூன்றில் ஒன்றுக்கு மேல் தரமாட்டேன்

மகன்,

நீ சொன்ன ஸலாமுக்குப் பதில் ஸலாம். பதில் சொல்வது கடமை என்பதால் சொல்லிவிட்டேன். சுகம் விசாரிப்பது கடமையில்லை, அதனால் விசாரிக்கவில்லை. டோஹாவில் குளிரூட்டிய அறைக்குள் இருந்து வேலை பார்க்கிறவனுக்கு அப்படி என்ன வந்துவிடப் போகிறது? நானும் சுகம்தான். கோபம் வந்தால் எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கும், அது உனக்குத் தெரிந்த விஷயம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு போனில் கோல் எடுத்து என்னோடு சத்தம் போட்டாய். அதோடு விட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு, கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, பிறகு சரியாகியிருப்பேன். நீ விடவில்லை. மாமாவுக்குச் சொன்னாய், சாச்சிக்குச் சொன்னாய், உனக்குப் பெண் பேசி முடித்திருக்கும் நிந்தவூர் வீட்டுக்கும் சொல்லியிருக்கிறாய். “உம்மா வாப்பாட தர்மத்த நிப்பாட்டிப் போட்டா” என்று. சாச்சி அதைக் கேட்டுவிட்டு நேரே என் அடுப்படிக்கு வந்து, “மௌத்தான மனிசன்ட நன்மையில கை வெக்கலாமாகா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். நீ ஊரைக் கூட்டிச் சொன்னதற்கு நான் காதோடு காதாகப் பதில் சொல்வதில் நியாயமில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை ஒட்டி மூடப் போவதில்லை. நம் கடைக் கணினியில் நானே தட்டச்சுச் செய்கிறேன், நம் கடை மெஷினிலேயே கொப்பி எடுத்து நீ சொன்ன எல்லோருக்கும் கொடுப்பேன். யாரும் வாசிக்கலாம்.

நீ வைத்த நிபந்தனையையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் நான் கூட்டிச் சொன்னேன் என்று சொல்லக்கூடாது. நிக்காஹுக்காக நீ ஊருக்கு வந்து இறங்கும்போது கணினிகளில் நான் போட்டிருக்கும் கட்டுப்பாட்டை எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வாசலை மிதிக்கமாட்டாய், நேரே பெண் வீட்டுக்குப் போய் அங்கிருந்தே மாப்பிள்ளை ஆகிவிடுவாய். நம் பகுதியில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டில்தான் போய்க் குடியிருப்பான். வீடு பெண்ணுக்கு, மகன் விருந்தாளி. தாய்க்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை அவளுடைய வாசலிலிருந்து புறப்பட்டுப் போவது. அந்த ஒன்றைத்தான் நீ விலையாக வைத்திருக்கிறாய். எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்திருக்கிறாய், வலித்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். சுனாமியில் வாப்பா கடலோடு போன பிறகு நான் இத்தா இருந்தேன். புருஷனை இழந்தவள் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முகம் பாராமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. என் சீதன வீடு கடற்கரைப் பக்கம் அத்திவாரம் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. நாம் மாமா தந்த இந்த வீட்டில், பிரதான வீதிக்கு மேற்கே, ஒண்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஒரு நிறுவனம் விதவைகளுக்குத் தொழில் உதவி என்று கணினிகள் கொடுத்தது. என் பெயரில் வந்தவை. ஆனால் கொண்டு வந்து இறக்கியவர்கள் ஆண்கள், ஆகவே நான் உள்ளறையில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தேன். முன்னறையில் அவற்றைப் பூட்டி, மின்சாரம் கொடுத்து, என்னென்னவோ ஏற்றியது எல்லாம் நீ. அகதி முகாமில் வேலை செய்த வெள்ளைக்காரப் பையன் ஒருவனிடம் கற்றுக்கொண்டாய் என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, என் மகன் தலையெடுத்துவிட்டான் என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

ஆக, அந்தக் கணினிகள் என் கண்ணில் படுமுன் காதில்தான் பட்டன. இரவும் பகலும் ஓயாத இரைச்சல். தூரத்தில் நெல்லுக் குத்தும் மில் ஓடுவதுபோல. இத்தா முடிந்து முன்னறைக்கு வந்தபோது அந்தச் சத்தமில்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்ற அளவுக்குப் பழகிப்போயிருந்தது. கணினி என்றால் இப்படித்தான் இரையும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இரைந்தால் சுகமாக இருக்கிறது, இரையாவிட்டால் நோய். ஒருநாள் கரண்ட் போய் வந்த பிறகு ஒன்று சத்தமில்லாமல் கிடந்தது என்று பதறிப்போய், நீ படிக்கப் போய்க் கம்பஸில் இருந்தாய், உனக்குக் கோல் எடுத்தேன். நீ சிரித்தாய். “கொஞ்சம் பொறுங்க உம்மா, மறுகா கத்தும்” என்றாய். கத்தியது. நான் உனக்கு துஆ செய்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், அது ஏன் கத்துகிறது என்று. சொல்லாமல் சிரித்தாய் பார், அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த இரைச்சலுக்கு மேலேதான் நான் தட்டச்சுப் படித்து, முன்னறையைக் கடையாக்கினேன். யுத்தம் கிழக்கில் மூண்ட வருஷங்களில், ஹர்த்தால் என்றும் ஊரடங்கு என்றும் பாதி நாள் கதவு மூடிக் கிடந்தாலும், மீதி நாளில் அடையாள அட்டைக் கொப்பியும் கல்யாண அழைப்பிதழும் பள்ளிவாசல் நோட்டீசும் அடித்துத்தான் உன் தங்கச்சி நஸீஹாவைப் படிப்பித்தேன், உன்னையும் டோஹாவுக்கு ஏற்றினேன். கணினிகள் சூடாகும். மேசையில் கை வைத்தால் சுடும். கடற்காற்றும் தூசியும்தான் காரணம் என்று நினைத்து, காலையில் தேநீர் ஊற்றுமுன் அவற்றைத் துடைப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நெற்றியைத் துடைக்கிறவள்போலத் துடைத்தேன். காய்ச்சலை ஏற்றிவிட்டவன் தொலைவில் இருந்தான்.

பிறகு யுத்தம் முடிந்தது என்றார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் நம் கடைக்கு அந்தப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். தம்பிலுவிலிலிருந்து, சொறிக்கல்முனையிலிருந்து, இன்னும் உள்ளே இருக்கும் தமிழ் ஊர்களிலிருந்து. வன்னிக்குப் போன பிள்ளையைக் காணவில்லை, பிடித்துக்கொண்டு போன பிள்ளையைக் காணவில்லை என்று மனு எழுத. தங்கள் ஊர்க் கடையில் சொன்னால் பக்கத்தில் நின்று யார் கேட்பார்களோ என்ற பயம். நம் கடையில் இரண்டு பெண்கள் மட்டும்தான், அதுவும் சோனக முஸ்லிம் பெண்கள், அவர்களுடைய ஊர்ச் சண்டை எதிலும் நமக்குப் பங்கில்லை. ஒருத்தி போய் இன்னொருத்திக்குச் சொல்லி, அப்படியே வந்தார்கள். ஒரு காலத்தில் அவர்கள் ஊருக்கு நாமும் நம் ஊருக்கு அவர்களும் போகப் பயந்திருந்தோம் என்பதை யாரும் கதைக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்வோம். அவர்கள் சொல்லச் சொல்ல நஸீஹா அடிப்பாள்.

சொறிக்கல்முனையிலிருந்து வந்த ஓர் அம்மா. கிட்டங்கிப் பாலத்தால் பஸ் பிடித்து வந்திருந்தா. இவ்வளவு காலமும் எவருக்கும் வாய் திறந்து சொல்லவில்லையாம். மகனை எப்படிக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவன் அன்றைக்கு என்ன உடுத்திருந்தான், இவ எங்கே நின்று கத்தினா, கடைசியாக அவனைக் கண்டதாகச் சொன்னவன் யார், எல்லாவற்றையும் மெல்ல மெல்லச் சொன்னா. இடையிடையே நிறுத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தா. நஸீஹா வழக்கத்தில் அடித்ததை இடைக்கிடை கணினியில் பதிந்துகொள்வாள். அன்றைக்கு அந்த அம்மாவின் பேச்சு அறுந்துவிடக்கூடாது என்று பயந்து, கண்ணைத் திருப்பாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். உச்சி வெயில். மேலே தகரச் சீற் கூரை. அந்த அம்மா கையெழுத்து வைக்கவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம், திரை படக்கென்று கறுத்தது.

திரும்பப் போட்டோம். கொஞ்ச நேரம் எரிந்து மறுபடி செத்தது. பெட்டியில் கை வைத்தால் தோசைக்கல். அடித்தது ஒன்றும் மிஞ்சவில்லை. நான்தான் கேட்டேன், வேறு யார் கேட்பது? “அம்மா, இன்னொருக்காச் சொல்லுவீங்களா? மற்றதுல அடிச்சித் தாறம்.” அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தா. “எல்லாத்தையுமா?” என்றா. நான் ஓம் என்றேன். பிறகு எழும்பினா. “ஏலாது தங்கச்சி. இண்டைக்கு ஏலாது. நான் மறுகா வாறன்” என்றா. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வாசல்வரை போனவ திரும்பி, “மெஷினுக்கென்ன தெரியும்” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனா. நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அதன் பிறகுதான் நஸீஹா விடாப்பிடியாகத் தேடினாள். பெட்டியைத் திறந்து தூசி எடுத்தாள், காற்றாடியைத் துடைத்தாள், ஒன்றும் சரிவரவில்லை. நாம் ஒன்றையும் திறக்காமல் வைத்திருக்கும் போதும் இது எதற்காக மூச்சுப் பிடித்து ஓடுகிறது என்று பார்க்கப் போய், திரையின் மூலையில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்த சின்னப் படத்தை அழுத்தினாள். “உம்மா, இஞ்ச வாங்க. இதுக்குள்ள வாப்பாட பேர் இரிக்கி” என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆங்கிலத்தில் உன் வாப்பாவின் முழுப்பெயர். பக்கத்தில் ஏதோ பெரிய இலக்கம், அது கூடிக்கொண்டே போகிறது. கோபத்துக்கு முன்னால் எனக்கு வந்தது சந்தோஷம், அதை மறைக்கவில்லை. அவருடைய பெயர் அடையாள அட்டையோடு தண்ணீரில் போன பிறகு, புதிதாக எழுதிய ஓர் இடத்தில் அதை நான் கண்டது அன்றுதான். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் சூடாக இருந்தது.

உனக்குக் கோல் எடுத்தோம், நீ அப்போதுதான் விளக்கம் சொன்னாய். எங்கோ வெளிநாட்டில் ஓர் ஆய்வு நடக்கிறது, கடலுக்கு அடியில் நிலம் அசைந்தால் அலை எப்படி ஓடும், எந்தக் கரைக்கு எப்போது வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்கு ஒரு கணினி காணாது. ஆகவே உலகம் முழுக்க விரும்பினவர்கள் தங்கள் கணினியின் சக்தியை இன்டர்நெட் வழியாகக் கடன் கொடுக்கிறார்கள். துண்டு துண்டாகக் கணக்கு வரும், நம் கணினி செய்து முடித்துத் திருப்பி அனுப்பும். நீ அதை வாப்பாவின் பெயரில் பதிந்து, எல்லாக் கணினியிலும் நூறு வீதம் என்று போட்டு வைத்திருக்கிறாய். “இது ஸதகத்துல் ஜாரியா உம்மா. கிணறு வெட்டிக் குடுத்த மாதிரி. அது ஓடுற வரைக்கும் வாப்பாக்கு நன்ம போய்க்கிட்டே இரிக்கும்” என்றாய். நீ அதை உண்மையாகவே நம்புகிறாய் என்பது எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். விளையாட்டுக்குச் செய்திருந்தால் ஒரு அறையோடு முடித்திருப்பேன்.

நான் அந்த அம்மாவின் மனு போன கதையைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? “அது மிச்சத்த மட்டுந்தான் எடுக்கும் உம்மா. நீங்க பாவிக்காம வெச்சிரிக்கிற சக்திதானே, சும்மா வீணாப் போறது.” யார் சொன்னது சும்மா என்று? நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்சம் காலை நீட்டி இருந்தால் அந்த நேரம் வீண், யாராவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று அர்த்தமா? ஆறுவதும் ஒரு வேலைதான். அந்தக் கணினிகள் இத்தனை வருஷத்தில் ஒரு இரவு ஆறியதில்லை. ஒன்று ஏற்கெனவே செத்துப் புதைத்தாயிற்று, அதற்கு நான் உப்புக் காற்றைத் திட்டினேன். நீ படித்தவன், மிச்சம் என்ற சொல்லை எனக்கு விளங்கப்படுத்த வராதே. மிச்சம் எவ்வளவு என்று சொல்லவேண்டியவள் வீட்டுக்காரி. வெளியில் நின்று பார்த்துவிட்டு உன் சட்டியில் மிச்சம் இருக்கிறது என்று ஒருவன் சொல்ல முடியாது.

இந்த ‘மிச்சம்’ உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் வாப்பாவிடமிருந்து. நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகமிருக்காது. என் கல்யாணத்துக்கு என் வாப்பா தந்த தையல் மெஷின் ஒன்று இருந்தது. கலவரத்தில் ஊரை விட்டு ஓடி வந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த காலம். நான் அடுத்த ஊருக்கு மையத்து வீடொன்றுக்குத் துக்கம் விசாரிக்கப் போய்வந்தபோது மெஷின் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. “பாவம், அந்தப் பொம்புளைக்குத் தொழில் இல்ல. நீ அத எப்பவாவதுதானே மிதிக்கிற” என்றார். ஊரெல்லாம் அவருக்குப் புகழ். நல்ல மனிசன், கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார். சரிதான். ஆனால் கொடுத்தது யாருடையது என்று அன்றும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண் என் மெஷினில் தைத்துப் பிழைத்தாள், அவளுக்கு நான் சாபம் போடவில்லை. ‘எப்பவாவது’ என்று சொன்னாரே, அதைத்தான் மறக்கவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். நீயும் நானும் இதுவரை அதைப் பற்றி வாய் திறந்து கதைத்ததில்லை. எச்சரிக்கை கிடைத்திருந்தால் வாப்பா பிழைத்திருப்பார், அதனால்தான் உலகத்துக்கு இந்தக் கணக்கு வேண்டும் என்று நீ நிந்தவூர் வீட்டில் சொல்லியிருக்கிறாய். உலகத்துக்கு வேண்டும், நான் இல்லை என்று சொல்லவில்லை. உன் வாப்பாவுக்கு எச்சரிக்கை குறைவாக இருக்கவில்லை. முதல் தண்ணீர் நம் வீட்டு ஒழுங்கைக்குள் முழங்கால் அளவுக்கு வந்து வற்றியது. அவர் உழவு மெஷினைத் திருப்பி, நம்மையும் ஒழுங்கைப் பிள்ளைகளையும் அதன் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு பிரதான வீதிக்கு வந்து இறக்கினார். எல்லாரும் இருந்தோம். நீ இருந்தாய், நஸீஹா இருந்தாள், அவர் இருந்தார். விடுபட்டவர்களை ஏற்றிவர அவர் மறுபடி மெஷினைத் திருப்பினார். நான் அவருடைய சட்டையைப் பிடித்தேன். “போதும்” என்றேன். “இன்னும் ஒரு நடைக்கு நேரம் இரிக்கி” என்றார். சட்டை கிழிந்து பை என் கையில் வந்தது. நீ பக்கத்தில் நின்றாய், பார்த்தாய். கடலைத் தன் கண்ணால் கண்டுவிட்டுத்தான் அவர் திரும்பிப் போனார். அவருக்கு எந்த நாட்டுக் கணினியும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. சொல்லவேண்டியதை நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை.

அவரை ஷஹீத், உயிர்த்தியாகி என்கிறார்கள். அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும், நான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஆனால் உனக்கு மட்டும் சொல்கிறேன், இப்போது ஊருக்கும் சொல்லிவிட்டேன்: அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. அவர் கொடுத்தது அவரை மட்டும் அல்ல. என் புருஷனை, உன் வாப்பாவைக் கொடுத்தார், கேட்காமல் கொடுத்தார். நீயும் அதே வழியில் வந்து, எனக்குத் தொழிலுக்கென்று தந்த கணினியை, நான் இத்தாவில் இருந்த நேரம், திரைக்கு அந்தப் பக்கம் வைத்து முழுசாகக் கொடுத்துவிட்டாய். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் கொடுத்தால் அதற்குப் பெயர் தர்மம் இல்லை என்று ஓதின பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? அதில் வாப்பாவுக்கு எந்த நன்மை போகும் என்று நினைத்தாய்?

இருந்தும் நான் அதை அழிக்கவில்லை. ஊருக்கு இது தெரியட்டும். நஸீஹா “முழுசா எடுத்துப் போடட்டா உம்மா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவருடைய பெயர் அங்கே இருக்கிறது, அதோடு, இன்னொரு ஊரில் ஒருத்தி என்னைப்போல் சட்டைப் பையோடு வீதியில் நிற்காமல் இருக்க அந்தக் கணக்கு உதவினால் உதவட்டும். எவ்வளவு கொடுப்பது என்றுதான் யோசித்தேன். வாப்பாவின் சவளக்கடை வயலைப் பிரித்த அன்று பள்ளிவாசல் மரைக்கார்மார் சொன்னது நினைவுக்கு வந்தது: ஒருவன் மௌத்தாகுமுன் எவ்வளவு நல்ல காரியத்துக்கு என்றாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதி வைக்க முடியாது, மற்றது உயிரோடு இருக்கும் பிள்ளை குட்டிக்கு. மார்க்கமே அளவு வைத்திருக்கும்போது உனக்கு மட்டும் எங்கிருந்து நூறு வீதம் வந்தது? அந்த மென்பொருளுக்குள்ளேயே அளவு போட இடம் இருக்கிறது. செய்தவன் உன்னைவிட நியாயக்காரன். கணினியின் சக்தியில் முப்பத்து மூன்று வீதம் என்று போட்டோம். யாராவது விசையைத் தொட்டால் உடனே நிற்க வேண்டும், தொட்ட கை எடுத்துக் கொஞ்ச நேரம் ஆனபிறகுதான் தொடங்க வேண்டும் என்று போட்டோம். உச்சி வெயிலில் ஓடக்கூடாது. ஜெனரேற்றரில் இருக்கும்போது ஓடக்கூடாது. அவ்வளவுதான் நான் செய்த அநியாயம்.

அன்று பின்னேரம் முன்னறை அமைதியாக இருந்தது. கடைக்குள் மணிக்கூட்டின் சத்தம் கேட்டது. அங்கே மணிக்கூடு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பிறகு அந்தச் சொறிக்கல்முனை அம்மா வந்தா, கூட இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு. முதலில் இருந்து சொன்னா. நான் பக்கத்தில் இருந்து அவவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நஸீஹா அடித்து, பதிந்து, அச்செடுத்துக் கையில் கொடுக்கும் வரை கணினி அசையவில்லை. மனுவுக்குப் பதில் வந்ததா என்று கேட்காதே, வரவில்லை. ஆனால் அவ அதை மூன்றாம் தரம் சொல்லவேண்டி வரவில்லை. நீ எடுக்கச் சொல்லும் கட்டுப்பாடு அதற்காக இருக்கிறது. இப்போதும் வாரத்துக்கு ஒருத்தியாவது வருகிறாள். நான் எடுத்துவிட்டு, உச்சி வெயிலில் அவர்களில் ஒருத்தியிடம் இன்னொருக்காச் சொல்லுங்கள் என்று கேட்கவா? நீ வந்து கேள். உன்னால் முடிந்தால் நான் எடுத்துவிடுகிறேன்.

அந்த இலக்கம் மெல்லத்தான் ஏறுகிறது என்று நீ குறைப்படுகிறாய், அதிகம் கணக்குச் செய்து கொடுத்தவர்களின் பட்டியலில் வாப்பா கீழே இறங்கிவிட்டாராம். உன் வாப்பா வாழ்க்கையில் யாரோடும் முந்திக்கொண்டு ஓடியதில்லை. சலூனில்கூட, பின்னால் வந்தவனை முதலில் இருக்கச் சொல்லிவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார். பட்டியலில் இடம் பிடிக்க ஆசைப்படுவது அவர் இல்லை, நீ. அதை அவர் தலையில் கட்டாதே.

கல்யாணம் முடிக்கப் போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டுமாம், அதையும் சொல்கிறேன். நிந்தவூர்ப் பிள்ளை நல்ல பிள்ளை, நான் பார்த்துத்தான் பேசினேன். அவள் வீட்டில் நீ இருக்கப் போகிறாய். அங்கே இருக்கிற கதிரை, அலுமாரி, கரண்ட், கோப்பை எல்லாம் அவளுடையது. எதை எடுத்து யாருக்குக் கொடுப்பதென்றாலும் முதலில் கேள். அவள் வேண்டாம் என்றால் அவளை ஈரமில்லாதவள் என்று உன் ஆட்களுக்குக் கோல் எடுத்துச் சொல்லாதே. உன்னையே கொடுப்பதென்றாலும் கேள். நீ ஊருக்கு ஓடி, உலகத்துக்கு ஓடி, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து, மிச்சத்தை அவளுக்குக் கொடுத்தால், அவளும் ஒருநாள் என்னைப்போல் கடிதம் எழுதுவாள். போதும் என்று அவள் சட்டையைப் பிடித்தால் நின்றுவிடு. அந்தப் பிள்ளையின் தாய்க்கும் இந்தக் கடிதத்தில் ஒரு கொப்பி போகிறது, ஆகவே நான் சொல்லவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

உன் நிபந்தனைக்குப் பதில் இதுதான். கட்டுப்பாட்டை எடுக்கமாட்டேன். வாப்பாவுக்கு மூன்றில் ஒன்று, உயிரோடு இருக்கும் எங்களுக்கு மூன்றில் இரண்டு. நிந்தவூருக்கு நேரே போவதென்றால் போ, நான் வீதிக்கு வந்து மறிக்கமாட்டேன். ஒரு தடவை மறித்துப் பார்த்தவள் நான். மன்னிப்புக் கேட்பேன் என்றும் இருக்காதே. இங்கே வருவதென்றால் முன்கூட்டிச் சொல்லவும் தேவையில்லை, கடை திறந்திருக்கும். ஆள் இருந்தால் கதிரையில் இருந்து காத்திரு, மாப்பிள்ளை வந்துவிட்டான் என்பதற்காக யாருடைய மனுவையும் பாதியில் விட்டு எழும்பமாட்டேன். அவர்கள் போனதும் எல்லாக் கணினியையும் அணைத்துவிட்டு உள்ளே வருவேன், வாப்பாவின் பங்கையும் சேர்த்து அணைத்துவிட்டுத்தான் வருவேன். அதற்குள் சோறு ஆறியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உம்மா